திரும்பத் திரும்ப வரும் புகார்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், ஒரே இடத்திலிருந்து ஒரே வகையான புகார் பல முறை வரும்போது காவல் நிலையம் அதைத் தனித்தனி மனுக்களாக மட்டும் கையாளாமல், அவற்றின் அடியில் இருக்கும் காரணத்தைக் கண்டறிந்து நீக்குவதை அன்றாடக் கடமைகளில் ஒன்றாகக் கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து அது குறித்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு, காவல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் கடைத்தெருவை ஒட்டிய ஒரு சந்தில் முகூர்த்த நாள்களில் இருசக்கர வாகனங்கள் திருடு போகின்றன. ஒவ்வொரு முறையும் புகார் கொடுக்கிறோம், புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது தருகிறார்கள், சில மாதம் கழித்து ஒருவன் பிடிபடுகிறான், பிறகு மறுபடியும் தொடங்குகிறது. காவல் நிலையத்தின் வேலை இவ்வளவுதானா? – துணிக்கடை உரிமையாளர், கும்பகோணம்

பதில்: இல்லை. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எதுவாயினும், அது நிகழாமல் ஒவ்வொரு காவல் அலுவலரும் தம்மால் இயன்ற அளவு தடுக்க வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 168-ஆம் பிரிவு சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 149-ஆம் பிரிவாக இருந்தது. ஆகவே, நடந்த பிறகு பிடிப்பது கடமையின் ஒரு பாதி மட்டுமே. மறு பாதியைப் பற்றி நிலையங்களில் யாரும் கேட்பதில்லை என்பதே என் வருத்தம்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியராக இருந்த ஹெர்மன் கோல்ட்ஸ்டீன் 1979-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தக் குறையைத்தான் சுட்டிக்காட்டினார். எத்தனை ஆள், எத்தனை வண்டி, எவ்வளவு விரைவில் போய்ச் சேர்ந்தார்கள் என்பதிலேயே காவல் துறை முழுக் கவனத்தையும் செலுத்துகிறது. மக்கள் எந்தப் பிரச்சினைக்காக அழைத்தார்களோ அது தீர்ந்ததா என்பதைக் கவனிப்பதில்லை என்பது அவருடைய வாதம். அவர் சொன்ன வழியை 1980-களின் நடுவில் வர்ஜீனியா மாநிலத்தின் நியூபோர்ட் நியூஸ் நகரக் காவல் துறை ஒரு தனிப் பிரிவுக்கு மட்டும் ஒதுக்காமல், சாதாரணக் காவலர்கள் உட்பட அனைவரையும் கொண்டு நடைமுறைப்படுத்திப் பார்த்தது. அங்கே கப்பல் கட்டும் தளத்துக்கு வெளியே ஊழியர்கள் நிறுத்தும் வாகனங்களிலிருந்து பொருள்கள் திருடு போய்க்கொண்டே இருந்தன. எந்தப் பகுதியில், எந்த நேரத்தில், எத்தகைய வண்டியில் திருட்டு நடக்கிறது என்று காவலர்கள் குறித்துப் பார்த்தார்கள். பிடிபட்டவர்களிடமே போய், எதைத் தேடி வருகிறீர்கள், எந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று பேசித் தெரிந்துகொண்டார்கள். அதற்கேற்பக் காவலை மாற்றியமைத்த பிறகு அந்தத் திருட்டுகள் பாதிக்கும் மேல் குறைந்தன.

உங்கள் சந்துக்கும் இதே கேள்விகள் பொருந்தும். முகூர்த்த நாளில்தான் திருட்டு என்றால், மண்டபத்துக்கு வருவோர் வண்டியை நிறுத்த வேறு இடம் இல்லாமல் அந்தச் சந்துக்கு வருகிறார்களா? காலை எட்டு மணிக்கு, கடைகள் திறப்பதற்கு முன்பு, அங்கே பார்வை படும்படி யாராவது இருக்கிறார்களா? திருடு போனவை எல்லாம் ஒரே மாதிரி வண்டிகளா? திருடன் ஒருவன் சிறைக்குப் போனாலும் அந்த இடம் அப்படியே இருப்பதால் அடுத்தவன் வருகிறான். மண்டப உரிமையாளர், மாநகராட்சி, கடைக்காரர்கள் ஆகியோரை ஒரு நாள் அந்தச் சந்திலேயே நிற்க வைத்துப் பேசுவதற்கு ஓர் உதவி ஆய்வாளர் போதும்.

கேள்வி: கோடையில் எங்கள் பகுதியில் பம்ப்செட் மோட்டார் ஒயரை அறுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். புகார் கொடுத்தால், 'எத்தனை வயலுக்கு நாங்கள் காவல் காப்பது?' என்கிறார்கள். அவர்கள் கேட்பதும் நியாயமாகத்தான் இருக்கிறது. இதற்கு வழி உண்டா? – விவசாயி, நீடாமங்கலம்

பதில்: உண்டு. எல்லா வயலுக்கும் காவல் காக்க முடியாது என்பது உண்மை. எல்லா வயலிலும் திருட்டு நடப்பதில்லை என்பதும் உண்மை.

டெல்டாவில் ஒரு நிலையத்தில் நான் ஆய்வாளராக இருந்தபோது, சம்பா அறுவடை முடிந்து மேட்டூர் திறக்கும் வரை வயல் காய்ந்து கிடக்கும் மாதங்களில் இதே புகார் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மனுவும் சிறிய தொகை. விவசாயிக்கு அது புது ஒயரும் எலக்ட்ரீஷியன் கூலியும் கருகும் நாற்றும் சேர்ந்த இழப்பு. நிலையத்துக்கோ அது ரைட்டர் மேசையில் இன்னொரு தாள். உதவி ஆய்வாளர் ஒருவர், இளைஞர், ஒரு மாலை அந்த மனுக்களை எல்லாம் எடுத்து வாய்க்கால் வாரியாகத் தரையில் பிரித்து வைத்தார். கிராமத்தின் பெயரை வைத்துப் பார்த்தபோது சிதறிக் கிடந்தவை, வாய்க்காலை வைத்துப் பார்த்தபோது இரண்டே கரைகளில் சேர்ந்துவிட்டன. இரண்டு கரைகளிலும் மினி லாரி போகும் அகலத்துக்குப் பாதை இருந்தது.

பிறகு அவர் மின்வாரிய வயர்மேனை அழைத்துப் பேசினார். அந்நாளில் விவசாயத்துக்கு மும்முனை மின்சாரம் முறை வைத்து வந்தது. திருட்டு நடந்த இரவுகளையும் முறை இல்லாத நேரத்தையும் ஒப்பிட்டபோது, கரண்ட் இல்லாத மணிகளில்தான் ஒயர் அறுபட்டிருக்கிறது என்பது தெளிவாகத் தெரிந்தது. எங்கள் ரோந்து அட்டவணையோ அந்த முறையைப் பற்றி எதுவும் அறியாமல் ஆண்டுக்கணக்காக அப்படியே இருந்தது. ஆற்றுப் படுகையில், மூங்கில் புதருக்குப் பின்னால், வட்டமாகக் கருகிய மண்ணை நானே போய்ப் பார்த்தேன். மேலுறையை எரித்துச் செம்பை மட்டும் எடுத்திருந்தார்கள். உருகி இறுகிய கறுப்புப் பிளாஸ்டிக் துண்டுகள் கிடந்தன. குச்சியால் கிளறியபோது அந்த நெடி இன்னும் போகாமல் இருந்தது. எரித்த இடம் தெரிந்ததும், செம்பு எந்தப் பக்கம் போயிருக்கும் என்பதை ஊகிக்கக் கடினமாக இல்லை.

அதன் பின் செய்தவை எல்லாம் எளியவை. கரண்ட் இல்லாத நேரத்துக்கு ரோந்தை மாற்றினோம். பழைய இரும்புக் கடைக்காரர்களை அழைத்து, எரித்த செம்பு கொண்டு வருபவரின் அடையாள அட்டையையும் வண்டி எண்ணையும் எழுதி வைக்கச் சொன்னோம். மோட்டார் ஓடாத மாதங்களில் வெளியே தெரியும் ஒயரைக் கழற்றி வீட்டில் வைக்கும்படியும், முடிந்தவர்கள் இரும்புக் குழாய்க்குள் விட்டுப் புதைக்கும்படியும் விவசாயிகளிடம் சொன்னோம். அடுத்த கோடையில் மனுக்களை மறுபடி அதே வாய்க்கால் வாரியாக எண்ணிப் பார்த்தோம். ஒரு கரையில் ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. மறு கரையில் ஒரு குக்கிராமத்தில் மட்டும் தொடர்ந்தது. அங்கே போய் விசாரித்தபோது, அந்த ஊர் நிலங்களில் பெரும்பாலானவை வெளியூரில் இருப்பவர்களுடையவை என்பதும், ஒயரைக் கழற்றி வைக்க ஆளே இல்லை என்பதும் தெரிந்தது. அதற்கு வேறு ஏற்பாடு தேவைப்பட்டது.

இந்த வேலைமுறையை ஜான் எக், வில்லியம் ஸ்பெல்மன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் நியூபோர்ட் நியூஸ் அனுபவத்திலிருந்து நான்கு படிகளாக வகுத்தார்கள்: திரும்ப வருவதைக் கண்டுகொள்ளுதல், ஏன் என்று ஆராய்தல், அதற்கேற்ற நடவடிக்கை எடுத்தல், பலன் கிடைத்ததா என்று அளந்து பார்த்தல். இவற்றில் இரண்டாவதையும் நான்காவதையும் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். வரப்பு உடைந்த இடத்தில் மண்ணை அள்ளிப் போடும்போதே நண்டு வளை எங்கே என்று தேடுபவர்கள் நம் விவசாயிகள். அவர்களுக்கு இந்த இரண்டாவது படியை நான் விளக்க வேண்டியதில்லை. மின்சார முறை பற்றிய விவரம் இன்றைக்குப் பொருந்தாது. உங்கள் ஊரில் திருடனுக்கு வசதியாக இருப்பது எது என்பதை உங்கள் ஊரில்தான் தேட வேண்டும்.

கேள்வி: 'பிரச்சினையைத் தீர்ப்பது' என்று நீங்கள் எழுதுவதைப் படித்தால் பயமாக இருக்கிறது. ஸ்டேஷனில் இரு தரப்பையும் உட்கார வைத்துக் கட்டப்பஞ்சாயத்துப் பேசுவதற்கு இது இன்னொரு பெயரா? என் தங்கை கணவரிடம் அடி வாங்கிப் போனபோதெல்லாம் 'சமாதானமாகப் போங்கள்' என்றுதான் எழுதி வாங்கினார்கள். – வாசகி, பாபநாசம்

பதில்: உங்கள் பயம் முற்றிலும் நியாயமானது. உங்கள் தங்கைக்கு நடந்தது நான் சொல்வதற்கு நேர் எதிரானது.

பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்று தகவல் வெளிப்படுத்துமானால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013-இல் தீர்ப்பளித்தது. குடும்பத் தகராறு போன்ற சில வகைகளில் பூர்வாங்க விசாரணைக்கு அந்தத் தீர்ப்பே இடம் கொடுக்கிறது என்றாலும், குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு வழக்கைத் தவிர்க்க அதைச் சாக்காக்க முடியாது. வழக்குப் பதிவுக்கு மாற்றாகப் பிரச்சினைத் தீர்வை வைக்க எந்த அதிகாரிக்கும் உரிமை இல்லை. வழக்கோடு சேர்த்துச் செய்ய வேண்டிய வேலை அது.

ஒரே வீட்டிலிருந்து மூன்றாவது முறை புகார் வருகிறது என்றால், முதல் இரண்டு முறையும் நிலையம் செய்தது பலிக்கவில்லை என்று பொருள். அப்போது கேட்க வேண்டியவை: அடி விழும் நாள்களுக்கும் மதுக்கடைக்கும் கூலி கைக்கு வரும் நாளுக்கும் தொடர்பு உண்டா, அந்தப் பெண்ணுக்குப் போக வேறு இடம் உண்டா, 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மாவட்டப் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் போயிற்றா, நீதிமன்றப் பாதுகாப்பு ஆணை பெறப்பட்டதா. எழுதி வாங்கிய சமாதானம் மனுவை முடித்து வைக்கிறது, அவ்வளவே. உங்கள் தங்கை 181 என்ற மகளிர் உதவி எண்ணில் பேசலாம். பாதுகாப்பு அலுவலரிடம் நேரடியாகவும் மனு கொடுக்கலாம், அதற்குக் காவல் நிலையத்தின் அனுமதி தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொதுமக்களைச் சேர்த்துக்கொண்டு வேலை செய்வது என்ற பெயரில் காவல் அதிகாரத்தை வெளியார் கையில் கொடுத்துவிடக் கூடாது. 1993-இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் நல்ல நோக்கத்தோடு தொடங்கப்பட்ட 'காவல் நண்பர்கள்' அமைப்பு, 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு உயிரிழந்ததைத் தொடர்ந்து அதன் உறுப்பினர்கள் மீது எழுந்த குற்றச்சாட்டுகளுக்குப் பின் தடை செய்யப்பட்டது. பொதுமக்களிடமிருந்து நிலையம் பெற வேண்டியவை தகவலும் ஒத்துழைப்பும். லத்தியைப் பகிர்ந்துகொள்வதற்கு அதில் இடமே இல்லை.

கேள்வி: நீங்கள் எழுதுவது நன்றாகத்தான் இருக்கிறது. பந்தோபஸ்து, கோர்ட் டூட்டி, நைட் ரவுண்ட்ஸ், பாரா என்று நாள் முடிந்துவிடுகிறது. ரோந்து போகும் இடங்களில் வைத்திருக்கும் பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் மெமோ வருகிறது. ஒரு தெருவில் திருட்டே நடக்காமல் செய்துவிட்டால் யாரும் பாராட்டுவதில்லை. எதற்காக இதைச் செய்ய வேண்டும்? – பெயர் வெளியிட விரும்பாத தலைமைக் காவலர், நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: வந்த கடிதங்களில் உங்களுடையதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. காவலர்களுக்கு அக்கறை இல்லாததால் இந்த வேலை நடக்கவில்லை என்று நான் ஒருபோதும் நம்பியதில்லை. துறை எதை எண்ணுகிறதோ அதைத்தான் காவலர் செய்வார். கையெழுத்தை எண்ணினால் கையெழுத்து கிடைக்கும்.

முதலில் நேரம். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் காவல் துறைக்கு வந்த அழைப்புகளை முகவரி வாரியாக ஆராய்ந்து 1989-இல் வெளியிட்டபோது, ஏறக்குறைய 3 விழுக்காடு முகவரிகளிலிருந்தே பாதி அழைப்புகள் வந்திருந்தன. விழுக்காடு நம் ஊரில் வேறாக இருக்கலாம். ஆனால் உங்கள் பீட்டில், அதாவது உங்கள் ரோந்துப் பகுதியில், எந்த மூன்று இடங்கள் உங்கள் இரவுகளைத் தின்கின்றன என்று உங்களுக்கே தெரியும். அவற்றில் ஒன்றைத் தீர்த்தால் அது உங்களுக்கே நேரத்தைத் திருப்பிக் கொடுக்கும்.

இரண்டாவதாக, மேலதிகாரிகள். மாதாந்திரக் குற்றக் கூட்டத்தில் 'எத்தனை வழக்கு நிலுவை, எத்தனை பேர் கைது' என்று கேட்கும் எஸ்.பி., 'உங்கள் எல்லையில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பிரச்சினையைச் சொல்லுங்கள், அதற்கு என்ன செய்தீர்கள், குறைந்ததா' என்று ஒவ்வோர் ஆய்வாளரிடமும் ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டால் போதும். அடுத்த மாதத்துக்குள் நிலையங்களில் மனுக்கள் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். சன்மானமும் நற்பதிவும் பறிமுதலுக்கும் கைதுக்கும் மட்டும் உரியவையாக இருப்பது மாற வேண்டும். ஒரு மனு வகை ஓராண்டில் குறைந்தது என்று காட்டும் காவலருக்கும் அவை கிடைக்க வேண்டும். முயற்சி செய்து பலிக்காவிட்டால் அதற்காக மெமோ வரக் கூடாது. ஏன் பலிக்கவில்லை என்று எழுதித் தருவதே ஒரு நல்ல அறிக்கைதான்.

இதற்கு முன்மாதிரியை வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. டெல்டாவின் தலைவாசலான திருச்சியில், 1999 முதல் மாநகரக் காவல் ஆணையராக இருந்த ஜே.கே. திரிபாதி, நகரைப் பீட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குறிப்பிட்ட காவலர்களை நிலையாக அமர்த்தி, அந்தப் பகுதியின் சிக்கல்களுக்கு அவர்களையே பொறுப்பாக்கினார். புகார்ப் பெட்டிகள் வைக்கப்பட்டன. மக்கள் தெருக் காவலரைப் பெயர் சொல்லி அறிந்திருந்தார்கள். அந்த முயற்சி சர்வதேச அளவிலும் பாராட்டுப் பெற்றது. ஆனால் இன்றும் அது ஓர் அதிகாரியின் பெயரோடு சேர்த்தே நினைவுகூரப்படுகிறது என்பதைத்தான் நான் கவலையோடு கவனிக்கிறேன். அதிகாரி மாறினாலும் வேலைமுறை மாறாமல் இருக்க, நிலையப் பதிவேட்டில் அதற்கு ஓர் இடம் வேண்டும். அதிகாரியும் அடிக்கடி மாறாமல் இருக்க வேண்டும்: நிலையப் பொறுப்பு அதிகாரிக்குக் குறைந்தது 2 ஆண்டுப் பணிக்காலம் என்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இல் உத்தரவிட்டதன் அருமை இங்கேதான் புரியும். ஒரு கோடையில் ஆராய்ந்ததை அடுத்த கோடையில் அளந்து பார்க்க அதே ஆய்வாளர் நாற்காலியில் இருக்க வேண்டும்.

நம் துறைக்கு ஆராயும் திறன் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். 1992 மகாமகத்தில் குடந்தைக் குளக்கரையில் நெரிசலில் சிக்கி ஏறத்தாழ 50 பேர் இறந்தார்கள். அதன் பிறகு 2004-லும் 2016-லும் கூட்டம் எந்தப் படியில் இறங்கி எந்தப் படியில் ஏற வேண்டும், வண்டிகள் எங்கே நிற்க வேண்டும் என்று பல துறைகளோடு உட்கார்ந்து திட்டமிட்டதும் இதே காவல் துறைதான். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஒரு குளத்துக்குச் செய்வதை, வாரந்தோறும் கூடும் ஒரு சந்தைக்கு, அளவில் சிறியதாக, செய்யச் சொல்கிறேன்.

கேள்வி: ஓரிடத்தில் அடைத்தால் குற்றம் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடாதா? – கல்லூரி மாணவர், மன்னார்குடி

பதில்: சில வேளை போகும், பெரும்பாலும் முழுவதும் போவதில்லை, ஏனென்றால் திருடனுக்கும் பழகிய வழியும் வசதியும் வேண்டும். இந்த அணுகுமுறையைச் சோதித்த 34 ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான மதிப்பீடு, ஒப்பிட எடுத்துக்கொண்ட பகுதிகளைவிடக் குற்றமும் ஒழுங்கீனமும் சராசரியாகச் சுமார் 34 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது. பக்கத்துப் பகுதிகளுக்குப் பெருமளவில் இடம்பெயர்ந்ததற்கு அதில் சான்று கிடைக்கவில்லை. அவற்றில் பெரும்பாலானவை மேலை நாட்டு ஆய்வுகள் என்பதை மறக்காதீர்கள். உங்கள் படிப்பு முடிவதற்குள் நம் மாவட்டத்தில் ஒன்றைச் செய்து பார்க்க முடியுமா என்று உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள்.

கேள்வி: குறுவை அறுவடைக் காலத்தில் சாலையில் நெல் காய வைக்கிறார்கள். இரவில் படுதா போட்டு மூடி, சுற்றிலும் கல் வைத்துவிடுகிறார்கள். என் உறவினர் ஒருவர் அதில் மோதி இறந்தார். விவசாயி மீது வழக்குப் போட்டார்கள். எனக்கு அந்த விவசாயி மீதும் கோபப்பட முடியவில்லை. – ஒரத்தநாடு வாசகர்

பதில்: உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த அனுதாபம். இவ்வளவு துயரத்திலும் மறுபக்கத்தைப் பார்க்கும் உங்கள் மனம் பெரியது.

உயிர் போயிருக்கும்போது வழக்கு இருக்கத்தான் வேண்டும். ஆனால் அடுத்த பருவத்தில் அதே சாலையில் வேறொருவர் நெல்லைப் பரப்புவார், ஏனெனில் அவரைச் சாலைக்கு அனுப்பிய காரணம் அப்படியே இருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காடு ஈரப்பதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுப்பதில்லை. சில ஆண்டுகளில் மட்டும் தளர்வு கிடைக்கிறது. குறுவை அறுவடையோ மழைக்காலத்தின் வாசலில் வருகிறது. இயந்திரம் ஒரே நாளில் அறுத்துக் கொட்டிவிடுகிறது. ஊரில் உலர்களம் இல்லை, அல்லது இருக்கிற களம் போதவில்லை. சூடேறிய தார்ச்சாலையை விட்டால் அவருக்கு வேறு இடம் எது?

இங்கே காவல் நிலையம் தனியாக எதையும் தீர்க்க முடியாது. ஆனால் வேறு எந்த அலுவலகத்திடமும் இல்லாத ஒன்று அதனிடம் இருக்கிறது: எந்தக் கிலோமீட்டரில், எந்த மாதத்தில், எத்தனை மணிக்கு விபத்து நடந்தது என்ற பதிவு. அதை எடுத்து, அருகில் உள்ள கொள்முதல் நிலையம் எது, களம் எது என்று சேர்த்து ஒரு பக்கத்தில் எழுதி, அறுவடைக்கு முன்பே கோட்டாட்சியருக்கும் நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கும் ஊராட்சிக்கும் ஓர் ஆய்வாளர் அனுப்பினால், 'எங்களுக்குத் தெரியாது' என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. களம் வரும் வரை செய்யக்கூடியதும் உண்டு: எந்தெந்த உட்சாலைகளில் ஒரு ஓரமாகப் பகலில் அனுமதிப்பது, இருட்டுவதற்கு முன் அள்ளிவிடுவது, கல்லுக்குப் பதிலாக மணல் மூட்டையும் ஒளி பிரதிபலிக்கும் பட்டையும் வைப்பது என்று விவசாயச் சங்கங்களோடு பேசி முடிவு செய்யலாம். நெடுஞ்சாலையில் மட்டும் எந்தத் தளர்வும் கூடாது. இதைச் சொல்லும்போது விவசாயிகள் சிலருக்கு என்மேல் வருத்தம் வரலாம். உங்கள் உறவினரை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

கேள்வி: நிலையம் தானாக இப்படி வேலை செய்யும் வரை, பொதுமக்களாகிய நாங்கள் மனுவை எப்படி எழுத வேண்டும்? – குத்தாலம் வாசகி

பதில்: தெருவில் பாதிக்கப்பட்ட அனைவரும் சேர்ந்து ஒரே மனுவாக எழுதுங்கள். ஒவ்வொரு நிகழ்வின் தேதி, கிழமை, நேரம், சரியான இடம், முன்பு கொடுத்த புகாரின் சி.எஸ்.ஆர். எண் ஆகியவற்றை ஓர் அட்டவணையாக இணையுங்கள். யார் மீது சந்தேகம் என்பதைவிட, அந்த இடத்தில் என்ன வசதி குற்றத்துக்குத் துணையாகிறது என்பதை எழுதுங்கள்: எரியாத விளக்கு, பூட்டில்லாத கட்டடம், புதர் மண்டிய படித்துறை. ரசீது வாங்காமல் வராதீர்கள். தனித்தனிக் குற்றங்களுக்கான வழக்குப் பதிவை இந்த மனுவுக்காக விட்டுக்கொடுக்காதீர்கள். பதில் இல்லையென்றால் புதன்கிழமை எஸ்.பி. அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் முகாமுக்கு அதே அட்டவணையோடு செல்லுங்கள். விளக்கு, களம், புதர் போன்றவை பிற துறைகளைச் சார்ந்தவை என்பதால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் ஒரு நகலைக் கொடுத்து, அந்த ரசீதின் எண்ணைக் காவல் நிலைய மனுவிலும் எழுதிவையுங்கள்.